வில்லனுக்கு அடியெடுத்துக் கொடுத்தவனுக்கு

பஸ்ஸில் டிக்கெட்டுக்குச் சில்லறை தேடிச் சட்டைப் பையில் கைவிட்டால், விரலில் கிராம்பு தட்டுப்பட்டது. ஸ்டூடியோவில் செல்வி கொடுத்தது. "தொண்டைக்கு நல்லது அண்ணாச்சி, வாயில ஒதுக்கிக்கிடுங்க" என்று உள்ளங்கையில் கொஞ்சம் போட்டிருந்தாள். ஒன்றை எடுத்துக் கடித்தேன். வாசனை மூக்கில் ஏறியதும் என் கழுத்து தானாக இடது பக்கம் திரும்பிவிட்டது. அந்தப் பக்கத்து சீட்டில் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டு வந்த பெண் கண்ணைத் திறந்து, "இன்னா சார்?" என்றாள். ஒன்றுமில்லைம்மா என்றேன். அங்கே நீ நிற்பாய் என்று திரும்பினேன் என்றா சொல்ல முடியும்?

நீ இருந்தபோது உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. தினமும் ஒரே ஆட்டோவில் போய்வருகிறவர்களுக்குக் கடிதம் எதற்கு? இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு விஷயத்தை உன்னைக் கேட்காமல் முடிவு செய்ய என்னால் முடியவில்லை. நாளைக் காலை செல்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில் சேதி. நான் பாட்டு ஆல்பம் போடுகிறேன். சிரிக்காதே. இவ்வளவு காலம் மேடையில் நின்று ஒரு பாட்டுக்கூடப் பாடாதவன், கம்பெனி வேலையிலிருந்து ரிட்டயர் ஆன கையோடு பாடகன் ஆகிவிட்டான். ஒரகடத்தில் டயர் கடைக்கு மேலே ஒரு ரூம். சுவரெல்லாம் பழைய மெத்தையை ஆணி அடித்து மாட்டியிருக்கிறார்கள். கீழே கார் ஏற்றிய டிரெய்லர் போனால் அது கடக்கும்வரை எல்லோரும் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். ஃபேன் போடக் கூடாது. வேர்த்து ஊற்றுகிறது. நம் மேக்கப் ரூம் மாதிரியேதான், கொசு மட்டும் இல்லை.

செல்வியை உனக்குத் தெரியாது. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் கம்பெனியில், போன் ஸ்பீக்கரில் சத்தம் சரியாக வருகிறதா என்று காது வைத்துப் பார்க்கிற லைனில் இருந்தவள். அந்த வேலையை விட்டுவிட்டு ரெக்கார்டிங் படித்து, புருஷனும் அவளுமாக இந்த ரூமை நடத்துகிறார்கள். அம்மன் பாட்டு, சர்ச் பாட்டு, கடைத் திறப்புக்கு விளம்பரம் என்று எல்லாம் வருகிறது. வில்லன் பாட்டு இப்போதுதான் முதல் தடவை என்றாள்.

நம் நாடகக் குழுவில் யாருக்குப் பாட்டு என்பது எழுதாத சட்டம். ராஜாவுக்குப் பாட்டு உண்டு, ராணிக்கு உண்டு, கோமாளிக்குக்கூட உண்டு. வில்லனுக்குக் கிடையாது. வில்லன் பாடிவிட்டால் ஜனம் அவனை மன்னித்துவிடும் என்பார் நமக்கு நாடகம் எழுதிய வாத்தியார். அதனால் நான் சிரிப்பேன், உறுமுவேன், கடைசியில் விழுந்து சாவேன். முதலில் மந்திரி, அப்புறம் பண்ணையார், நம் பக்கம் கம்பெனிகள் வந்து நிலத்துக்கு விலை ஏறிய பிறகு நிலத் தரகன். அந்தத் தரகன் வேஷத்தில் பிள்ளைப்பாக்கத்தில் நான் மேடையை விட்டு இறங்கியபோது, ஒரு பெரியவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "ரோட்டாண்ட அரை கிரவுண்டு கீதுப்பா, இன்னா போவும்?" என்று நிஜமாகவே கேட்டார். அதை நீ போகிற வருகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாய். அன்றோடு என் பெயரும் உனக்கு மறந்துபோனது. சாகிறவரைக்கும் 'வில்லா'தான்.

உனக்கு வேஷம் போட ஆசை இருந்தது எனக்குத் தெரியும். ஆனால் பகலெல்லாம் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோவை நிறுத்திக்கொண்டு "ஒரகடம், ஒரகடம், ஒரகடம்" என்று கத்துகிறவனுக்குத் தொண்டை எங்கே மிஞ்சும்? கரகரவென்று ஆகிவிட்டிருந்தது. கிசுகிசுக்க மட்டும் அது போதுமானதாக இருந்தது. அதனால் படுதா ஓரத்தில், மேடைக்கு இடது பக்கம் நின்று, எங்களுக்கு வசனம் மறந்தால் அடியெடுத்துக் கொடுக்கிற வேலை உனக்கு வந்தது. பகலில் ஊருக்கே கேட்கக் கத்துகிறவன் சாயங்காலம் ஒரே ஒருத்தன் காதுக்குப் பேசினாய். தொண்டைக்காக எந்நேரமும் ஒரு கிராம்பை வாயில் ஒதுக்கி வைத்திருப்பாய். நம் சின்ன மேடைகளில் நீ பேசுவதற்கு முன்னாலேயே அந்த வாசனை வந்துவிடும்.

எனக்கு மறதி அதிகம் என்று நீ எல்லோரிடமும் சொல்வாய். பொய். எனக்கு வசனமெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் முதல் வார்த்தையை நீ சொன்னால்தான் மிச்சம் வரும். அது மறதி இல்லை, கெட்ட பழக்கம். நீ செய்துவைத்த பழக்கம்.

பாட்டு விஷயத்துக்கும் நீதான் காரணம். ஜெனரல் ஷிப்ட் முடிந்து உன் வண்டியில் முன்சீட்டில் இடித்துக்கொண்டு வருவேன். ஒருநாள் பின்னால் ஆள் இல்லை. நான் பாட்டுக்கு ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். வண்டியை ஓரங்கட்டிவிட்டாய். பெட்ரோல் தீர்ந்துவிட்டதோ என்று பார்த்தால், என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

"டேய் வில்லா, நாடகம் முடிஞ்சி வில்லனும் வூட்டுக்குப் போவான் இல்ல?"

"போவான்."

"போயி பொண்டாட்டியாண்ட இன்னா பாடுவான்? அதப் பாடு."

அப்படி ஒரு பாட்டு எங்கேயும் இல்லையே என்றேன். "இல்லாங்காட்டி போடு" என்றாய். நானும் வாய்க்கு வந்ததைப் போட்டேன்.

ஒட்டின மீசைய ஆணியில மாட்டிட்டேன்,
ஊர மெரட்டின வாயக் கழுவிட்டேன்,

அதற்கு மேல் வரவில்லை. கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்குத் தள்ளிவிட்டு, படுதா ஓரத்தில் சொல்கிற அதே கிசுகிசுப்பில் நீ சொன்னாய்: "கதவ."

கதவத் தொறம்மா, நான்தான்.

நீ ஸ்டியரிங்கைத் தட்டிவிட்டு வண்டியை எடுத்தாய். அதற்கப்புறம் ஆள் இல்லாத ட்ரிப்பெல்லாம் அந்தப் பாட்டுகளுக்குத்தான். கோபமாக இருக்கிற மனைவியிடம் வில்லன் பாடுவது, மீசையைக் கண்டு அழுகிற குழந்தைக்கு வில்லன் தாலாட்டுவது, சாவு சீனில் விழுந்து விழுந்து முட்டி வலிக்கிறது என்று வில்லன் புலம்புவது. சொந்தமாக ஒரு பாட்டும் தெரியாதவன் இவ்வளவு பாட்டுக் கட்டினேன் என்றால், ஒவ்வொன்றிலும் நான் திணறுகிற இடத்தில் உன் வார்த்தை ஒன்று வந்து விழுந்துகொண்டே இருந்ததுதான் காரணம். உன் போனில் பதிவும் செய்தாய். போட்டுக் கேட்டால் ஆட்டோதான் பாடும், நான் பின்னால் எங்கேயோ கேட்பேன்.

இப்போது அந்த ஆயுத பூஜையைச் சொல்ல வேண்டும். உனக்குப் பிடிக்காது என்று தெரியும். ஆனால் நான் கேட்க வந்ததே அதில்தான் இருக்கிறது.

ஒரு கம்பெனி யார்டில் நாடகம். முதல் ஷிப்ட் வெளியே வருகிறது, ரெண்டாவது ஷிப்ட் உள்ளே போகிறது, நடுவில் கிடைக்கிற நேரத்தில் நாடகத்தைச் சுருக்கி முடிக்க வேண்டும். மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, ஃபோர்க்லிஃப்டுக்கு வாழைக்கன்று கட்டி, யார்டே கல்யாண வீடு மாதிரி இருந்தது. நமக்கு முதல் தடவையாகச் சட்டைக் காலரில் மைக் மாட்டினார்கள். நாமும் பெருமையாக மாட்டிக்கொண்டோம். தரகன் ஊர்க்காரர்களை மிரட்டுகிற கட்டம். நான் வழக்கம்போல் இடது ஓரம் வந்து நிற்கிறேன். நீ வழக்கம்போல், "இந்த ஊரையே" என்றாய்.

யார்டில் இருந்த அத்தனை ஸ்பீக்கரும் கரகரவென்று "இந்த ஊரையே" என்றன. நான் வாயையே திறக்கவில்லை. முன்வரிசையில் ஒருத்தன் எழுந்து, "அவுரு சொல்ட்டாரு, நீ சொல்லு வில்லா!" என்று கத்தினான். ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் மீசையை முறுக்கி, "இந்த ஊரையே விலைக்கு வாங்குவேன்" என்று சமாளித்து முடித்தேன். கைதட்டல்கூட அதிகமாகத்தான் கிடைத்தது. கீழே இறங்கி வந்தால் உன்னைக் காணோம்.

ஆட்டோவில், ரெண்டு பக்கமும் ரெக்சின் திரையை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தாய். சாப்பாட்டுப் பொட்டலத்தை நீட்டினேன். வாங்கவில்லை.

"வுட்றா, தமாஷாப் போச்சு" என்றேன்.

"உனுக்குத் தமாசு. ஜனத்துக்கு என் கொரலு கேட்டுச்சின்னா நான் இன்னாத்துக்குடா அங்க நிக்கறேன்?"

உன் கண் கலங்கியிருந்தது. அதுவரைக்கும் எனக்கு அது புரிந்ததே இல்லை. நாங்களெல்லாம் நாலு பேர் பார்க்க வேண்டும் என்று மேடை ஏறினோம். நீ ஒருத்தன்தான் ஒருவர்கூடக் கேட்கக் கூடாது என்று ஏறினாய். எத்தனையோ கோயில் திருவிழா, எத்தனையோ சர்ச் மைதானம், ஒருத்தர் காதிலும் நீ விழுந்ததில்லை. அதுதான் உன் மார்தட்டல். அதை என் காலர் மைக் ஒரு நொடியில் கெடுத்துவிட்டது.

அதற்குப் பிறகு மேடையில் நீ வார்த்தையே கொடுக்கவில்லை. "மூச்சு மட்டும் வுடறேன், புடிச்சிக்கோ" என்றாய். படுதா ஓரத்திலிருந்து ஒரு மூச்சு வரும், கிராம்பு வாசனையோடு. எனக்கு வசனம் வந்துவிடும். பார்த்தவர்கள், வில்லன் பேசுவதற்கு முன்னால் ஒரு கணம் நிறுத்துகிறானே, என்ன மிரட்டல் என்றார்கள். பேர் எனக்கு. ஆட்டோவில் மட்டும் பழையபடி முதல் வார்த்தை கொடுத்துக்கொண்டிருந்தாய்.

நீ போனது ஆட்டோ ஸ்டாண்டில், காலையில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது. எனக்கு அப்போது ஷிப்ட். போன் லாக்கரில். வெளியே வந்து போனைப் பார்த்த பிறகுதான் தெரியும். உன் வீட்டு வாசலில் நம் குழு மொத்தமும் நின்றிருந்தது. ராஜாவாக நடிக்கிறவர் ஒரு பாட்டுப் பாடினார். அவர்தான் பாடுவார், அதுதானே சட்டம். நானும் பாடுவேன் என்று தெரிந்தவன் அங்கே நீ ஒருத்தன்தான் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். நீ படுத்திருந்தாய். எனக்கு அழுகை வந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை.

தெரிந்தவர் இன்னொருவரும் இருந்தார் என்பது நான் ரிட்டயர் ஆன வாரம்தான் தெரிந்தது. வீட்டுக்குப் போகிற வில்லனின் பாட்டை வீட்டில் ஒருநாளும் பாடாதவன் நான். வெட்கம். நீ என்னடா என்றால், பதிவு செய்ததையெல்லாம் என் மனைவியின் போனுக்கு அனுப்பி வைத்திருக்கிறாய். என்னிடம் மூச்சு விடவில்லை. அவளும் விடவில்லை. மாலையும் சால்வையுமாக நான் வீட்டுக்கு வந்து உட்கார்ந்த மறுநாள், போனை என் முன்னால் வைத்துப் போட்டுக் காட்டினாள்.

"அண்ணன் அனுப்புனது. எத்தினி வாட்டி கேட்டாலும் ஆட்டோ சத்தம்தான் கேக்குது. போயி ஒழுங்காப் பாடிட்டு வா. எனுக்காகத்தானே பாட்னே?"

அப்படித்தான் டயர் கடை மாடிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

முதல் நாளே மானம் போயிற்று. காதில் மாட்டுகிற ஹெட்போனில் டக் டக் என்று தாளம் தட்டும். தட்டி முடிந்ததும் நான் எடுக்க வேண்டும். நான் எடுக்கவில்லை. ஒருமுறை, இருமுறை, காலை முழுக்க அதே கதை. கூடவே கழுத்து இடது பக்கம் போய்விடுகிறது. செல்வி பொறுமையாக மைக்கை இடது பக்கம் நகர்த்தி வைத்தாள். அப்புறமும், "அண்ணாச்சி, ஒவ்வொரு அடிக்கும் ஒரு மூச்சு லேட்டா வாரீங்க. எதுக்கு நிக்கீங்க?" என்றாள்.

பழக்கம் என்றேன். "சரி, உங்க போக்குல பாடுங்க, நான் பின்னால கம்ப்யூட்டர்ல இழுத்துச் சேத்துக்கிடுதேன்" என்றாள். அப்படியே பாடி முடித்தோம்.

இன்றைக்கு எல்லாவற்றையும் போட்டுக் கேட்கிற நாள். மனைவியும் வந்திருந்தாள். முதல் பாட்டு ஓடியது. செல்வி சட்டென்று நிறுத்தினாள். பின்னால் ஓட்டினாள். மறுபடி நிறுத்தினாள்.

"யாரோ பேசுதாங்க" என்றாள்.

கீழே டயர் கடையில் யாராவது பேசியிருப்பார்கள் என்றேன். அவள் இசையையெல்லாம் எடுத்துவிட்டு, என் குரல் பதிவை மட்டும் சத்தமாக வைத்தாள். கரகரவென்று ஒரு கிசுகிசுப்பு: "ஒட்டின." பிறகு ஒரு மூச்சு. பிறகு என் குரல், 'ஒட்டின மீசைய' என்று எடுக்கிறது. அடுத்த அடிக்கு முன்னால், "ஊர." ஒரு மூச்சு. என் குரல். மூன்றாவதற்கு முன்னால், "கதவ."

மைக்குக்கு முன்னால் நின்றவன் நான் ஒருத்தன்தான். ஆக, நான்தான் சொல்லியிருக்கிறேன். சத்தியமாக எனக்குத் தெரியாது. நீ எடுத்துக் கொடுக்காமல் பாட வராதவன், நீ இல்லாததால் நீயாகவும் நின்று எனக்கே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். எல்லாப் பாட்டிலும், எல்லா அடிக்கும். கிசுகிசுத்தால் யார் குரல் என்று பிரித்துச் சொல்ல முடியாது, எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்றாள் செல்வி. என் மனைவி அதையெல்லாம் கேட்கவில்லை. மடியில் இருந்த பையைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணன்" என்றாள்.

செல்விதான் பேச்சைத் தொடர்ந்தாள். "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, சுத்தமா எடுத்துருதேன். எடுத்துட்டு அடிகளையும் இழுத்துத் தாளத்துல ஒட்டிட்டா, ஒரு ஆளுக்கும் தெரியாது."

"எடுக்கக் கூடாது" என்றாள் என் மனைவி. "இருந்தா இன்னா? அண்ணனே பாட்டுல வந்தா மாதிரி கீது."

ரெண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். வரும் வழியில்தான், மனைவி முன்னால் லேடீஸ் சீட்டுக்குப் போய்விட்ட பிறகு, பஸ்ஸும், சில்லறையும், கிராம்பும்.

இப்போது சொல். மனைவி சொல்கிற மாதிரி வைத்துவிடலாமா? எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. உன் குரல் வேறெங்கே இருக்கிறது, அந்த ஆட்டோ சத்தத்துக்குள்ளே தவிர? போட்டுப் போட்டுக் கேட்பேன். ஆனால் கேட்கும்போதெல்லாம், ரெக்சின் திரையை இறக்கிவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த உன் முகம்தான் வரும். ஜனத்துக்குக் கேட்டுவிட்டது என்று நீ மறுபடியும் போய் உட்கார்ந்துகொள்வாய். அப்படியென்றால் செல்வி சொல்கிற மாதிரி எடுத்து ஒட்டிவிடலாமா? ஒட்டினால் நீ நின்ற இடமே இருக்காதே. யோசிக்க யோசிக்க ஒன்றும் ஓடவில்லை. மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன்.

காலையில் போய்விட்டு இப்போதுதான் வந்தேன். மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். செல்வி கம்ப்யூட்டரைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தாள். எனக்கு அதுவரைக்கும் பதில் தெரியாது. கிராம்பு ஒன்றை வாயில் போட்டேன். வந்துவிட்டது.

"சத்தத்த எடுத்துடும்மா" என்றேன். மனைவி என் கையைப் பிடித்தாள். "எடத்த எடுக்காத. அது அப்படியே இருக்கட்டும்."

"எந்த எடத்த?"

"அவன் சொல்றதுக்காக நான் பாடாம நின்னேனே, அந்த எடம். ஒவ்வொரு அடிக்கும் முன்னால அது வேணும். இழுத்து ஒட்டாத."

செல்வி தலையைச் சொறிந்தாள். "அண்ணாச்சி, கேக்கவங்க என்ன நினைப்பாங்க? இவருக்கு அடி மறந்துபோச்சு, முழிக்காருன்னு நினைப்பாங்க."

"நெனைக்கட்டும்."

அவளுக்கு மனசே இல்லை. வேலை தெரிந்தவளுக்குத் தாளம் தப்புவது எவ்வளவு உறுத்தும் என்று எனக்குப் புரியாமலா? இருந்தாலும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். "ஒட்டின" போயிற்று. "ஊர" போயிற்று. "கதவ"விடம் வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எடு என்று தலையாட்டினேன். முடித்துவிட்டுப் போட்டுக் காட்டினாள். தாளம் ஓடுகிறது. வாயைக் கழுவிட்டேன் என்று பாடிவிட்டு நான் நிறுத்துகிறேன். ஒன்றுமே இல்லை. ஒரு மூச்சு நேரம் வெறும் தாளம். அப்புறம், கதவத் தொறம்மா, நான்தான்.

அந்த ஒரு மூச்சு நேரத்தில் என் மனைவி இடது பக்கம் திரும்பினாள். அவளும்.

அடுத்த வாரம் நெட்டில் ஏற்றிவிடுவார்கள். யார் யாரோ கேட்பார்கள். லைனில் நிற்கிறவர்கள், ஹாஸ்டலில் இருக்கிறவர்கள், பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு தூங்குகிறவர்கள். இந்த வில்லன் ஏன் அடிக்கு அடி நின்று நின்று பாடுகிறான் என்று சிரிப்பார்கள்.

நீ கவலைப்படாதே. ஜனத்துக்குக் கேட்காது. உன் இடத்தில் நின்று நீ பாட்டுக்கு எடுத்துக் கொடு.